பின்னால் பிடிக்கும் கண்ணாடி

அப்பா,

டார்ச் லைட்டைத் தேடித்தான் உங்கள் கடைப்பையைத் திறந்தேன். போன கார்த்திகையிலிருந்து கட்டிலுக்கு அடியில் யாரும் தொடாமல் கிடந்த அதே ரெக்சின் பை. ஜிப்பை இழுத்ததும் படிகாரமும் பவுடரும் கலந்த வாசனை வந்தது. கடையை மூடிவிட்டு வந்து என் தலையில் கை வைப்பீர்களே, அப்போது உங்கள் உள்ளங்கையில் இருக்கும் வாசனை. கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். டார்ச்சை எடுக்கும்போது கூடவே உங்கள் கைக்கண்ணாடியும் வந்தது. முடி வெட்டி முடித்ததும் ஆளின் பிடரிக்குப் பின்னால் பிடித்து, சுவரில் இருக்கும் பெரிய கண்ணாடியில் அவருடைய பின்னந்தலையை அவருக்கே காட்டுவீர்களே, அந்த வட்டக் கண்ணாடி.

இப்போது போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியக் கூடாது.

நாளைக் காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கும் முறை என்னுடையது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்திருப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மொத்தப் பள்ளிக்கூடமும் எதிரே வெயிலில் நிற்கும். இதற்கா பயப்படுகிறாய், கடை நிறைய ஆம்பளைகளுக்கு முன்னால் வாசித்தவள்தானே நீ என்று கேட்பீர்கள். வாசிக்கப் பயமில்லை அப்பா. எதை வாசிப்பது என்பதில்தான் பயம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். தறிக்கு லீவு விடுகிற நாள். பல்லடத்துத் தறிக்காரர்களில் பாதிப் பேர் நம் கடை பெஞ்சில்தான் இருப்பார்கள். சலூனுக்குள் பொட்டைப் புள்ளைக்கு என்ன வேலை என்று அம்மா சண்டை பிடித்தாள். "பேப்பர் எழுத்தெல்லாம் எனக்குக் கண்ணுக்குத் தெரியறதில்ல, அவ வந்து வாசிக்கட்டும்" என்று ஒரு பொய்யைச் சொல்லி என்னைக் கூட்டிப்போனீர்கள். ஒரு முடி கூடக் குறையாமல் மீசையை ஒதுக்குகிற கண்ணுக்கு எழுத்து தெரியாதாம். அம்மா கூடச் சிரித்துவிட்டாள்.

கடையில் ஐந்து பத்திரிகைகள் கிடக்கும். எல்லாரும் வாங்குகிற காலைப் பத்திரிகைகள் இரண்டு. கட்சிப் பத்திரிகைகள் இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஐந்தாவது, மாதம் இரண்டு முறை வரும் நம் ஊர்ச் சின்னப் பத்திரிகை. எட்டே பக்கம். மை விரலில் ஒட்டும். அதை எழுதுகிறவரே மொபெட்டில் வந்து கடைக்குள் வீசிவிட்டுப் போவார்.

ரிட்டையர்டான கண்டக்டருக்கு ஒரு கட்சி, தறிக்காரர் சின்னச்சாமி அண்ணனுக்கு மற்றது. ஒருநாள் சின்னச்சாமி அண்ணன் நாற்காலியில் இருந்தார். ஒரு கன்னம் சவரம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. அவருடைய பத்திரிகையில் இருந்த செய்தியை நான் வாசித்து முடித்து, அதே சங்கதியைக் கண்டக்டரின் பத்திரிகை என்ன சொல்கிறது என்று எடுத்தேன்.

"அந்தப் பேப்பரா? அதைய வடை மடிக்கக்கூட நான் தொடமாட்டனுங்க" என்றார் அண்ணன்.

நீங்கள் கத்தியை மேடையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டீர்கள்.

"என்னுங்க, நிறுத்திப்போட்டீங்க?"

"ஒரு கன்னத்துக்கு உங்க பேப்பரு ஆச்சுங்க. மறு கன்னத்துக்குக் கண்டக்டரு பேப்பரையும் அம்மணி வாசிக்கட்டும். ரெண்டையும் கேட்டுப்போட்டு அப்பறம் சண்டைக்குப் போங்க. நுரை காயறதுக்குள்ள கேட்டுட்டீங்கன்னா உங்களுக்குத்தான் நல்லதுங்க."

கடையே சிரித்தது. பெஞ்சிலிருந்து கண்டக்டர், "ஏனுங்க, இந்தச் சட்டம் எனக்கும் உண்டுங்களா?" என்றார்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒத்தைக் கன்னந்தானுங்களா?"

அன்றைக்குச் சின்னச்சாமி அண்ணன் விடவில்லை. "அப்ப என்ற பேப்பரு பொய் சொல்லுதுங்கறீங்களா?" என்று கேட்டார். நீங்கள் இந்த வட்டக் கண்ணாடியை எடுத்து அவருக்குப் பின்னால் பிடித்தீர்கள். "முன்னாடி இருக்கற கண்ணாடி பொய் சொல்லாதுங்க. ஆனா உங்க பின்னந்தலைய அது பாத்ததே இல்லீங்களே."

கோயில் கூட்டத்தில் நமக்குப் பேச முறை கிடையாது. ஓரமாக நிற்போம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பண்ணைக்காரரும் தறிக்காரரும் நீங்கள் சொல்கிற பக்கம்தான் தலையைத் திருப்ப வேண்டும். அந்த இடத்தை நீங்கள் பத்திரிகைக்குக் கொடுத்தீர்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பெஞ்சில் இருந்த நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் இருந்தது. டீக்கடை, பூக்கடை, சைக்கிள் கடை என்று நம்மையும் சேர்த்து ஆறு கடைகள். கத்தியில் வழிகிற நுரையைத் துடைக்க, பழைய பத்திரிகைகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பீர்கள். எல்லாச் சலூனிலும் அப்படித்தான். அன்றைக்குச் சனிக்கிழமை. நான் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் துடைத்துப் போட்ட சதுரம் ஒன்று என் நோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. நுரைக்கு ஊடே எழுத்து தெரிந்தது. சும்மா சத்தமாக வாசித்தேன். ரோட்டை அகலப்படுத்த ஆறு கடைகளை எடுக்கப்போகிறார்கள், ஆட்சேபம் இருக்கிற கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை என்பது நேற்று.

காலைப் பத்திரிகைகள் ரோடு அகலமாகப்போகிறது, மக்கள் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தன. அதுவும் பொய்யில்லை. அந்த ரோட்டில் பஸ் ஏறுகிறவர்களுக்கு மகிழ்ச்சிதானே. எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னது அந்தச் சின்னப் பத்திரிகை ஒன்றுதான். வரிசையில் அதை வாங்கினவரும் நீங்கள் ஒருத்தர்தான். சின்னதுதானே என்று படிக்காமலேயே முதலில் அதைத்தான் கிழித்து ஆணியில் குத்தியிருந்தீர்கள்.

நாற்காலியில் இருந்தவருக்குக் கை நடுங்காமல் சவரத்தை முடித்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக நடந்தீர்கள். ஆபீஸ்காரர்கள் மேல் பழி போட்டிருக்கலாம். பத்திரிகை வரவேயில்லை என்றிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நீங்கள் ஐந்து கடையிலும் ஒரே மாதிரி சொன்னீர்கள்: "சேதி என்ற கையில இருந்துச்சுங்க. நான் நுரையைத் தொடைச்சுப்போட்டனுங்க."

பூக்கடைக்கார அக்கா உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். மற்றவர் தலையைக் குனிய வைக்கிற நீங்கள் குனிந்து நின்றதை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது அப்பா. மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது அதை நினைத்தால் வெட்கம் வருவதில்லை.

கடை பின்னால் இருந்த சந்துக்குப் போயிற்று. அதற்கப்புறம் எந்தப் பத்திரிகையையும் ஓரத்தில் ஐந்து டிக் விழாமல் நீங்கள் கிழித்ததில்லை. படித்தவர் ஒவ்வொருத்தரும் நீலப் பென்சிலில் ஒரு டிக் போட வேண்டும். சின்னப் பத்திரிகைக்குப் பத்து டிக். "இதுக்கு மட்டும் என்னுங்க கூடுதல் மரியாதை?" என்று கண்டக்டர் கேலி செய்தபோது, "இதைய நான் அவமானப்படுத்தியிருக்கறனுங்க, அதான்" என்றீர்கள்.

அந்தத் தப்பை நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் கடிதமாக எழுதினேன். அடுத்த இதழில் ஒரு மூலையில் போட்டார்கள். நாலு வரி. கீழே உங்கள் பெயர், ஊர். நம் வீட்டில் யாருடைய பெயரும் அதுவரை அச்சில் வந்ததில்லை. பெரிய பத்திரிகை எதிலும் அந்த நாலு வரிக்கு இடமிருந்திருக்காது. ஆறு சின்னக் கடை போனது யாருக்குச் செய்தி? அதைச் செய்தி என்று நினைக்கிற ஒருவர் மொபெட்டில் சுற்றிக்கொண்டிருந்ததால்தான் நீங்கள் சொன்னது ஊருக்குக் கேட்டது. இப்போது கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கத்தில் அந்த நாலு வரியை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறீர்கள். மேலே செல்லோ டேப் மஞ்சளாகிவிட்டது.

தேர்தல் நாளில் மை வைத்த விரலோடு கடை திறப்பீர்கள். "ஓட்டு ஒரு நாளைக்குத்தாங் கண்ணு. மித்த நாளெல்லாம் இதுதான்" என்று பத்திரிகைக் கட்டைத் தட்டுவீர்கள். அப்போது புரியவில்லை. இந்த வாரம் புரிந்தது. சொல்கிறேன்.

மல்லிகாவை உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தில் உட்காருகிறவள். சுருட்டை முடி. அவள் ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள். ஈ தாங்க முடியவில்லை என்பாள். தட்டில் சோறு போட்டால் சோறு தெரியாது, ஈதான் தெரியும் என்பாள். திங்கட்கிழமை அவள் ஊர்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் அம்மாவும் இருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பத்திரிகையில், பெண்கள் சாலை மறியல், பேருந்துக் கண்ணாடி உடைப்பு, பயணிகள் அவதி என்று வந்தது. வேறொரு பெண் அதைப் பிரேயரில் வாசித்தாள். எல்லாரும் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இடைவேளையில் ஒருத்தி, "ஏண்டி, உங்கம்மா கண்ணாடி ஒடைச்ச கையிலதான் இன்னைக்குச் சோறாக்குனாங்களா?" என்று கேட்டாள். மல்லிகா டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே மூடிவிட்டாள். இன்றைக்கு அவள் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருவது அந்த ஒரே பத்திரிகைதான். அதை எங்களுக்கு இலவசமாகப் போடுகிறவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். அவர் கெட்டவரில்லை அப்பா. உங்களிடம் முடி வெட்டிக்கொண்டவர். உங்கள் காரியத்துக்கு வந்து கடைசி வரை நின்றவர். அம்மாவுக்குத் தன் பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலை கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

இன்றைக்கு மத்தியானம் செய்திக்குப் பொறுப்பான டீச்சரிடம், வேறு பத்திரிகையில் இருப்பதையும் சேர்த்து வாசிக்கலாமா என்று கேட்டேன். டீச்சர் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்: "எனக்குப் புரியுது கண்ணு. ஆனா நமக்கு வர்ற பேப்பர்ல இருக்கறத மட்டும் வாசின்னு எச்.எம். சொல்லியிருக்காங்க. மீறுனா உங்கம்மாவக் கூப்புட்டு உடுவாங்க." பிறகு, "உங்கம்மா அவர் பண்ணைலதான வேலை செய்யறாங்க?" என்றார்கள். மிரட்டுகிற மாதிரி கேட்கவில்லை. பாவப்பட்டுத்தான் கேட்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தாள். டிபன் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து என் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சின்னப் பத்திரிகை. இன்றைக்குத்தான் வந்தது. முதல் பக்கத்தில் மல்லிகாவின் ஊர். மனுநீதி நாளில் அந்தப் பெண்கள் மனுக் கொடுத்தது, மறுபடியும் கொடுத்தது, பதிலே வராதது எல்லாம் இருந்தது. பட்டப்பகலில் கொசுவலைக்குள் படுக்க வைத்த ஒரு கைக்குழந்தையின் படமும் இருந்தது. படித்ததும் குதிக்க வேண்டும் போலிருந்தது. இதை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் இரண்டாவது தடவை படித்தேன். பஸ் கண்ணாடி உடைந்தது அதில் எங்கேயுமே இல்லை.

அம்மாவின் போனில் மல்லிகாவைக் கூப்பிட்டேன். "ஏண்டி, கண்ணாடி நெசமாவே ஒடைஞ்சுதா?"

"ஒடைஞ்சுது. எங்கூருக்காரன் ஒருத்தந்தான் எறிஞ்சான். எங்கம்மா அவனைப் புடிச்சுத் தள்ளிட்டுப் போயி உட்டுது. அதைய எதுக்குடி நீ வாசிக்கோணும்? அதையத்தான் நேத்தே வாசிச்சுக் கிழிச்சாச்சே!"

"பஸ்ஸுக்குள்ள இருந்த ஒரு பாட்டிக்குக் கையில வெட்டுன்னு போட்டிருக்குதுடி."

"நீயும் அவிய பக்கந்தானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு பக்கம் எச்.எம்., பண்ணைக்காரர், அம்மாவின் வேலை. மறுபக்கம் மல்லிகா. இரண்டு பத்திரிகையையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டும் பொய் சொல்லவில்லை அப்பா. பெரியது கண்ணாடியைப் பார்த்திருக்கிறது, ஈயைப் பார்க்கவில்லை. சின்னது ஈயைப் பார்த்திருக்கிறது, கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் படிக்கிற ஊர் பாதி வெட்டின தலையோடு எழுந்து போகிற ஆள் மாதிரிதான். அந்த ஊர் ஓட்டுப் போடும்போதும் பாதி தெரிந்துதான் போடும். மித்த நாளெல்லாம் இதுதான் என்று நீங்கள் சொன்னது இதைத்தானே?

இதுவரை எழுதி நிறுத்தினேன். என்ன செய்வது என்று அப்போதும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் போர்வைக்கு வெளியே குரல் கேட்டது.

"லைட்டப் போட்டுக்கிட்டு எழுது கண்ணு. கண்ணு கெட்டுப்போயிரும்."

அம்மா தூங்கவே இல்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். நோட்டை மறைத்தேன். அவள் நோட்டைக் கேட்கவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத்தான் பார்த்தாள். வாங்கி, முந்தானையால் துடைத்து, பின்பக்கத்து நாலு வரியை ஒருதரம் விரலால் தடவினாள்.

"நாளைக்கு நீதான வாசிக்கற?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் அந்தப் பேப்பர முட்டைத் தட்டுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருந்து கொண்டாந்தனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் சொன்னது, எச்.எம். சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். "உன்ற வேலை போயிருச்சுன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டேன்.

அம்மா பயமில்லாத மாதிரி நடிக்கவில்லை. "போனாலும் போகும்" என்றாள். "பல்லடத்துல பண்ணைக்கா பஞ்சம்? தெனமும் அந்த ஈயை ஓட்டீட்டு நிக்கறவளே நாந்தான். எனக்குத் தெரியாதா அந்தப் பொம்பளைக பாடு? அந்த மனுசன் உங்கப்பாகிட்ட ரெண்டு பேப்பருங் கேட்டுத்தான் தலை வெட்டிட்டுப் போனவரு. அவருக்கே மறந்திருந்தா, நீ வாசிக்கறதக் கேட்டு நெனப்பு வரட்டும்."

"மல்லிகா எங்கூடப் பேசமாட்டாம்மா."

"பேசுவா. இல்லாட்டி கொஞ்ச நாள் கழிச்சுப் பேசுவா. அதுக்காகக் கண்ணாடி ஒடைஞ்சத முழுங்கிப்போட்டீன்னா, உங்கப்பா மறு கன்னத்துல கத்தியே வெக்கமாட்டாரு."

நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். சொன்னது அம்மா. கடைக்குள் ஒருநாளும் கால் வைக்காத அம்மா. நீங்கள் வீட்டுக்கு வந்து சொன்ன கதையெல்லாம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உங்களை நினைத்துப் பெருமைப்பட வந்தேன். இப்போது இரண்டு பேரையும் நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

"வெடியால சீக்கிரம் எந்திரி. ரெட்டச் சடை போட்டு உடறேன். மைக்கு முன்னாடி நிக்கறவளுக்கு வகிடு நேரா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு செய்தியையும் ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டேன். எந்த வரி எந்தப் பத்திரிகை சொன்னது என்று பெயர் போட்டிருக்கிறேன். முதலில் பெரியது. உடைந்த கண்ணாடியும் பாட்டியின் கையும். அடுத்தது சின்னது. மனுக்களும் கொசுவலைக் குழந்தையும். என் சொந்தக் கருத்து ஒரு வரிகூட இல்லை. ஓரத்தில் நீலப் பென்சிலில் ஒரு டிக் போட்டேன். அம்மா மறுபடி எழுந்து படித்துவிட்டு இன்னொன்று போட்டாள். இன்னும் எட்டு வேண்டும். நாளைக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் போடட்டும்.

கை நடுங்குகிறது. நடுங்கட்டும். வரிசையில் ஐந்து கடைக்கும் நடந்த அன்று உங்கள் கையும் நடுங்கியது. பிடித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

கண்ணாடியைப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வாசித்து முடித்தால் 'நன்றி, வணக்கம்' என்று சொல்லிவிட்டு உடனே இறங்க வேண்டும். அதுதான் முறை. நாளைக்கு அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிற்பேன் அப்பா. கண்ணாடியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஆள் பார்த்துத் தலையசைக்கும் வரை ஒன்றும் பேசாமல் நிற்பீர்களே, அந்த மாதிரி.